மூன்றாவது வாசல்

ஒரு வீட்டுக்கு எத்தனை வாசல் என்று கேட்டால் இரண்டு என்பார்கள். முன்வாசல், புறவாசல். எங்கள் அவ்வாவுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. முப்பது வருசத்துக்கு மேல் ஒரு பெரிய வீட்டுக்கு நாள் தவறாமல் போய் வந்தவள் அவள். முன்வாசலும் ஏறியதில்லை, புறவாசலும் மிதித்ததில்லை. மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதன் வழியாக அவளுடைய கை மட்டும் உள்ளே போய் வந்தது.

அந்த வீட்டை இப்போது இடித்துவிட்டார்கள். இடிக்கும் முன்பு உள்ளே போய்ப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் மெயின் ரோட்டை விட்டு மேற்கே மலையைப் பார்த்துப் போனால் அந்தக் கிராமம். ஊர்ப் பேரும் வீட்டுக்காரர் பேரும் இங்கே வேண்டாம். சாதிப் பேரும் வேண்டாம். இந்த வட்டாரத்தில் மச்சு வீடு கட்டிய சாதிகள் ஐந்தாறு உண்டு. ஒரு சாதியைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். இடம் விற்பனைக்கு வந்தது. மதுரையில் கட்டடக்கலை படிக்கும் ஒரு பையன் பழைய வீடுகளை அளந்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். அறைகளுக்கு ஊர்வழக்கில் என்ன பெயர் என்று சொல்ல ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் மூலம் என்னைக் கேட்டான். எம்.ஏ. தமிழ் படித்ததற்கு இப்படியும் ஒரு வேலை வரும் என்று நினைக்கவில்லை.

முன்வாசலில் ஏறும்போது கால் தயங்கியது. ஏன் மறைக்க வேண்டும்? எத்தனையோ மேடையில் பேசியவள், கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்து வாதாடியவள்தான். அந்த நாலு கல்படியில் என் காலுக்கு அவ்வாவின் கால் நினைவு வந்துவிட்டது.

*

தென்பாண்டிச் சீமையின் பெரிய வீடுகள் அகலத்தைவிட நீளம் அதிகம். முன்னால் தெருவிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழுந்த திண்ணை. மழைத்தண்ணிக்கும் பூச்சிபொட்டுக்கும் பயந்து உயர்த்தியது என்பார்கள். அதுவும் உண்மைதான். கூடவே, தெருவில் நிற்பவன் நிமிர்ந்து பார்த்துத்தான் பேச வேண்டும் என்பதும் அந்த உயரத்திலேயே அமைந்துவிடுகிறது. திண்ணையைத் தாண்டி நிலைக்கதவு. நிலைமேல் கஜலட்சுமி. பிறகு இருட்டான நடை. அதைக் கடந்தால் வெளிச்சம் கொட்டும் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தார்சா, பட்டாசாலை, பக்க அறைகள். தானியத்துக்குக் குலுக்கை. அப்புறம் அடுப்பங்கரை, கிணறு, புறவாசல், தொழு.

பையன் திண்ணையை வராண்டா என்றும் பட்டாசாலையை ஹால் என்றும் எழுதி வைத்திருந்தான். நான் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னேன். பெயரோடு இன்னொன்றும் சொன்னேன். இந்த இடம்வரை யார் வரலாம் என்பதையும் எழுதிக்கொள் தம்பி என்றேன். திண்ணை சமமானவர்களுக்கு. முற்றம்வரை கணக்குப்பிள்ளையும் வாரக்காரரும். பட்டாசாலை சொந்தபந்தத்துக்கு. வண்ணாரும் நாவிதரும் குயவரும் புறவாசலுக்கு. பண்ணை வேலை செய்த பள்ளரும் பறையரும் தொழுவரைக்கும். அங்கேதான் கூழ், அங்கேதான் தண்ணீர். தண்ணீரை மேலிருந்து ஊற்றுவார்கள், கீழே கையேந்திக் குடிக்க வேண்டும். இதே வட்டாரத்தில், வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் வந்த 'கருக்கு' நூலில் தன் பாட்டியைப் பற்றி எழுதும்போது இந்த ஊற்றுத் தண்ணீரைச் சொல்லியிருக்கிறார். நம்மில் பலருக்கு நம் பாட்டிமார் அதில் தெரிந்தார்கள்.

ஆக, ஒரு வீட்டின் தரைப்படம் அந்த ஊரின் சாதிப்படமும்கூட. கட்டடக்கலைப் புத்தகங்கள் முற்றத்தின் காற்றோட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. முற்றத்துக் காற்று குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. எத்தனை பேர் அந்தக் காற்றை வாங்கினார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

தொழுவைத் தாண்டி, காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டி ஓர் அறை. பையன் அதை 'ஸ்டோர்' என்று குறித்திருந்தான். உள்ளே ஓட்டை உடைசல் கிடந்ததால் அப்படி நினைத்துவிட்டான். வெளியே வா என்று அவனைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த சந்துக்குக் கூட்டிப்போனேன். ஆள் ஒருவர் கூடையோடு போகிற அகலம். சுவரின் அடியில், தரையை ஒட்டி, ஒன்றரை அடிக்குச் சதுரமாகச் செங்கல் வைத்து அடைத்த தடம்.

"இது என்னக்கா, வெண்டிலேட்டரா?"

"இல்ல தம்பி. இதுதான் எங்க அவ்வா வந்துபோன வழி."

அது எடுப்புக் கக்கூஸ். கிராமத்தில் எல்லோரும் காட்டுப்பக்கம்தான் போவார்கள். பெரிய வீட்டுப் பெண்கள் போகக்கூடாது. வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அவர்களைச் சுவருக்குள் வைக்க வேண்டுமானால் கழிவறையும் சுவருக்குள் வர வேண்டும். கழிவறை உள்ளே வந்தால் அள்ளுவதற்கு ஒருத்தி வெளியே வர வேண்டும். ஒரு பெண்ணின் 'மானத்துக்கு' இன்னொரு பெண்ணின் கை பொறுப்பு. சுவர் இரண்டு பேருக்கும் பொதுவானது. இரண்டு பேருமே அந்தச் சுவரைத் தாண்ட முடியாதவர்கள். ஆனால் ஒருத்தி உட்கார்ந்த இடமும் மற்றவள் குனிந்த இடமும் ஒன்றல்ல.

விடியுமுன்னே அவ்வா போவாள். தகரம், கூடை, சாம்பல். பலகையைத் தூக்குமுன் "அம்மோவ்" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும், உள்ளே யாராவது இருந்தால் எழுந்துகொள்ள. மாசத்துக்கு இத்தனை படி தானியம், பொங்கலுக்கு ஒரு சேலை, அன்றாடம் ராத்திரி மிஞ்சிய சோறு. இதுதான் சம்பளம். "அந்த வீட்டுப் பெரியம்மா முகத்த நான் முழுசாப் பாத்ததில்ல. ஆனா அவளுக்கு வகுறு சரியில்லேன்னா வைத்தியருக்கு முந்தி எனக்குத் தெரியும்" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இதில் இன்னொரு சங்கதி. சுவருக்கு அந்தப்பக்கமும் தெலுங்கு, இந்தப்பக்கமும் தெலுங்கு. இந்தப் பக்கத்தில் பெரிய வீடு கட்டிய சாதிகள் சிலவற்றுக்கும் எங்கள் சக்கிலியக்குடிக்கும் வீட்டுப் பேச்சு ஒன்றுதான். விஜயநகர, நாயக்கர் காலத்தில் வடக்கேயிருந்து வந்தவர்களின் கதை இங்கே நிறைய உண்டு. ராஜபாளையத்து ராஜுக்கள் தங்கள் வரவைக் கோத்திரமாகவும் சாவடியாகவும் சிங்கராஜாக்கோட்டை, சக்கராஜாக்கோட்டை என்று இடப்பெயராகவும் காத்து வைத்திருக்கிறார்கள். அருந்ததியர் வந்தவர்களா, இந்த மண்ணிலேயே இருந்தவர்களா என்று நமக்குள் இன்றும் வாதம் நடக்கிறது. அவர்களுக்கு வம்சாவளி இருக்கிறது. நமக்கு வாதம் மட்டும் இருக்கிறது. ஒரே மொழியில் ஒருவன் வரலாறு பேச, இன்னொருத்தி "அம்மோவ்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

*

இந்த வீடுகளைக் கட்டியது யார் என்று கேட்டால் ஒரு முன்னோர் பெயரைச் சொல்வார்கள். முகப்பில் சுதையில் முதலெழுத்துகளும் ஆண்டும் இருக்கும். கட்டியவர் அவர் இல்லை, கட்டச் சொன்னவர்.

சிமெண்ட் வருவதற்கு முன் சுவருக்கும் மச்சுக்கும் எல்லாம் சுண்ணாம்புக் காரைதான். சுண்ணாம்புக்கல்லை உடைத்துக் காளவாசலில் அடுக்கிச் சுட வேண்டும். சுட்ட கல்லில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொரியும். கண்ணில் தெறித்தால் கண் போகும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, வட்டப் பள்ளத்தில் கல்லுருளையை மாடு இழுக்க அரைக்க வேண்டும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் பனைவெல்லத் தண்ணீரும் சேர்ப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அதைக் கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்கப் பளிங்கு மாதிரி வரும். அந்தச் சுவரில் முகம் தெரியும் என்று வீட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். யார் கைத்தோல் உரிந்து அந்த மினுக்கம் வந்தது என்று சொல்வதில்லை.

மச்சு போடுவது அதைவிடப் பெரிய பாடு. தேக்கு உத்திரத்தின்மேல் கட்டைகள் பரப்பி, மெல்லிய செங்கல்லைக் குத்துக்குத்தாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டே கடுக்காய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். அடித்தவர்கள் பெண்கள். வரிசையாக உட்கார்ந்து, பாட்டுச் சொல்லிக்கொண்டு, கட்டை ஒரே தாளத்தில் விழ வேண்டும். அவ்வா கலியாணத்துக்கு முன்பு தன் அம்மாவோடு காரை அடிக்கப் போயிருக்கிறாள். கட்டி முடிகிறவரை எல்லாச் சாதிக்காலும் அந்த வீட்டுக்குள் நடமாடலாம். பட்டாசாலையில் நடக்கலாம், பூஜை அறைக்கு மேலேயே உட்கார்ந்து கட்டை அடிக்கலாம். கிரகப்பிரவேசத்தன்று கோமியம் தெளித்துவிடுவார்கள். அதோடு சரி.

பிறகு காலம் மாறியது. 1936இல் ராஜபாளையம் மில் தொடங்கியது. 1957இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் சிமெண்ட்ஸ், இதே மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல்லை நம்பித் துலுக்கபட்டியில் ஆலை போட்டது. காளவாசல்கள் அணைந்தன. காரை அடித்த பெண்கள் சித்தாளானார்கள். என் அம்மா தீப்பெட்டி ஒட்டப் போனாள்.

*

இதே மண்ணில், பெரிய வீடாக இருந்து வேறு ஒன்றாக மாறிய இரண்டு கட்டடங்களை வைத்து ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள திருமலை நாயக்கர் மகால். 1623 முதல் 1659 வரை ஆண்டவர் திருமலை நாயக்கர். மதுரை மகாலைவிடச் சிறியது இது. தூணும் வளைவும் சுதைப்பூச்சுமாக அந்தக் காலத்துக் கைவேலை. ஆண்டாளுக்கு நைவேத்தியம் முடிந்த சேதியை வழிநெடுக மண்டபம் மண்டபமாக மணியடித்து மதுரைக்கு அனுப்புவார்கள், அதைக் கேட்ட பிறகே ராஜா சாப்பிடுவார் என்று ஊரில் கதை சொல்வார்கள். ராஜா எப்போது சாப்பிட்டார் என்று கதையில் இருக்கிறது. மண்டபத்தில் மணியடித்தவன் எப்போது சாப்பிட்டான் என்று இல்லை.

ராஜாக்கள் போனார்கள். மதுரை மகாலை 1866 முதல் 1872 வரை கவர்னர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார். அங்கே நீதிமன்றம் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மகாலிலும் நீதிமன்றங்கள் நெடுங்காலம் நடந்தன. இந்த ஊர் முன்பு திருநெல்வேலியைச் சேர்ந்தது, 1910இல் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனது, 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. கலெக்டர் விருதுநகரில் இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். பின்னாளில் நீதிமன்றங்கள் மகாலைவிட்டுப் புதுக் கட்டடத்துக்குப் போயின.

எங்கள் தாத்தா ஒரு அடிதடி வழக்கில் சாட்சி சொல்ல அந்த மகாலுக்குள் போயிருக்கிறார். நம் ஆட்கள் அரண்மனைக்குள் போனது இப்படித்தான், சாட்சியாக அல்லது குற்றவாளியாக. ஆனால் தாத்தா அதைச் சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு இருக்கும். டவாலி வாசலில் நின்று அவர் பேரை, அவர் அப்பா பேரோடு சேர்த்து, மூன்று தரம் உரக்கக் கூப்பிட்டானாம். "அன்னைக்குவரைக்கும் என் முழுப்பேரச் சொல்லி ஒருத்தன் கூப்பிட்டதில்ல. ராசா அரமணைக்குள்ள கூப்பிட்டான்" என்பார். ஊரில் சின்னப்பிள்ளைகூட அவரை 'ஏலே' என்றுதான் கூப்பிடும்.

இரண்டாவது, ராஜபாளையத்தில் பூ. ச. குமாரசாமி ராஜாவின் வீடு. 1898இல் பிறந்தவர். 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். 1952 தேர்தலில் தோற்றார். பிறகு ஒரிசாவின் கவர்னராக இருந்தார். 1957இல் இறந்தார். தன் வீட்டையே கலை இலக்கியத்துக்கென்று கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம். வீடு என்றால் சொத்து, வம்சம், கௌரவம் என்று நினைக்கிற சமூகத்தில் ஒருவர் வீட்டை ஊருக்குக் கொடுத்தது சின்னக் காரியம் இல்லை. எதிலும் குற்றம் மட்டும் பார்க்கிறோம் என்று நம்மைச் சொல்கிறார்கள். இதை மனசாரச் சொல்கிறேன்.

பள்ளியில் படிக்கும்போது ஒரு பேச்சுப் போட்டிக்காக அந்த மன்றத்துக்குப் போனேன். துணைக்கு வந்தது அவ்வா. நான் பாட்டுக்கு விறுவிறு என்று போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். வெளியே வந்தால் கட்டடத்தின் பக்கவாட்டில் எதையோ தேடிக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன அவ்வா?"

"எந்த வழியா வரணும்டி?"

"எல்லாரும் போற வழிதான். வா."

"இது முதல்மந்திரி வீடுன்னு சொன்னியே."

வீடு என்ற சொல் அவளை நிறுத்திவிட்டது. யாரும் தடுக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். நான் பேசி முடிக்கும்வரை சுவரைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினேன் என்று எனக்கே இப்போது நினைவில்லை. தேசபக்தியைப் பற்றி என்னவோ.

*

பிறகு வெகுநாள் கழித்து அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு விளங்கியது. நம்முடைய உரிமைச் சட்டங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். 1938இல் எம். சி. ராஜா கொண்டுவந்த சமூக இயலாமை ஒழிப்புச் சட்டம். 1939இலும் 1947இலும் வந்த கோயில் நுழைவுச் சட்டங்கள். 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம். அதன் 15ஆம் பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பட்டியல் போடுகிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். எல்லாம் போராடி வாங்கியவை. ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் வீடு இல்லை. சட்டம் தெருவரை வந்து, திண்ணைக்குக் கீழே நின்றுவிட்டது.

17ஆம் பிரிவு உயிர்பெற்ற அன்று இந்த மாகாணத்தின் முதலமைச்சர் ராஜபாளையத்துக்காரர். அன்று காலை இருட்டிலும் எங்கள் அவ்வா, பதினைந்து பதினாறு வயசுப் பெண், பத்துக் கல் தொலைவுக்குள் ஒரு சந்தில் குனிந்து பலகையைத் தூக்கியிருப்பாள். இரண்டு சேதியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

எடுப்புக் கக்கூசுக்கு எதிரான மத்தியச் சட்டம் வர 1993 ஆனது. அதில் பலன் போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. அம்பேத்கர் நினைவுநாளான டிசம்பர் 6இல் அது நடைமுறைக்கு வந்தது. வீட்டுச் சுவரில் இருந்த அந்தத் துளையை முதன்முதலில் குற்றம் என்று சொன்னவை இந்தச் சட்டங்கள்தான். மற்றபடி சுவருக்குள் நடப்பது இன்றும் வேறு கணக்கு. வீட்டின் நான்கு சுவருக்குள், பொதுமக்கள் யாரும் இல்லாதபோது சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது 'பொதுமக்கள் பார்வையில்' நடந்ததாகாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வராது என்று 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வீட்டுவேலைக்குப் போகும் நம் பெண்களை நினைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

ஆகவேதான் சொல்கிறேன். மகால் நீதிமன்றமானபோது தாத்தா உள்ளே போனார். முதலமைச்சர் வீடு மன்றமானபோது அவ்வா உள்ளே போனாள். வீடு வீடாக இருந்தவரை இருவருக்கும் வழி இல்லை. ஒரு வீடு பொதுவானால்தான் நாம் உரிமையோடு உள்ளே போக முடிகிறது. எத்தனை பேர் வீட்டைக் கொடுப்பார்கள்?

வெளிநாட்டில் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அதே அம்பேத்கர் 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் ஒரு வீடு கட்டினார். புத்தர் நடமாடிய பழைய நகரத்தின் பெயரை வைத்து ராஜகிருகம் என்றார். அந்த வீட்டில் பெரிய இடம் புத்தகங்களுக்கு. வீட்டைப் பற்றி வேறு மாதிரியும் யோசிக்கலாம் என்று காட்டிய தரைப்படம் அது.

*

பையன் வரைபடத்தில் 'ஸ்டோர்' என்பதை அடித்துவிட்டு 'கழிவறை' என்று எழுதினான். சந்தையும் வரைந்தான். அந்தச் சதுரத்தைக் குறித்துவிட்டு, "இதுக்கு என்ன பேருக்கா?" என்றான்.

எம்.ஏ.வில் வாயில் என்பதற்கு எத்தனையோ சொல் படித்தேன். நிலை, கதவம், புழை, திட்டிவாசல் எல்லாம் தெரியும். இதற்கு எதுவும் பொருந்தவில்லை. நான் 'மூன்றாவது வாசல்' என்று தலைப்புப் போட்டிருப்பதுகூட எழுதுகிறவளின் அலங்காரம்தான். அவ்வா அதைப் 'பொந்து' என்றுதான் சொல்லுவாள். பொந்து என்று எழுது என்றேன். எழுதினான்.

இரண்டு மாசத்தில் வீடு இல்லை. நிலைக்கதவையும் தேக்குத் தூண்களையும் பழைய சாமான் வியாபாரிகள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் தூண்கள் ஏதாவது ஓட்டலில் நிற்கும், பக்கத்தில் 'பாரம்பரியம்' என்று போர்டு இருக்கும். பொந்தை வாங்க ஆள் வரவில்லை. அது செங்கல்லோடு செங்கல்லாக லாரியில் போனது.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் பெரிய வீடுகள் இடிபட்டுக்கொண்டிருக்கும். முகப்பைப் படம்பிடிக்க நிறையப் பேர் வருவார்கள். நீங்கள் பின்சந்துக்குப் போங்கள். சுவரின் அடியைப் பாருங்கள். அடைத்த தடம் இருந்தால் அளந்து எழுதுங்கள். அங்கே குனிந்து நிமிர்ந்த கிழவிகள் உயிரோடு இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் அவ்வாவிடம் நான் பாதிதான் கேட்டேன். மீதியைக் கேட்க இப்போது அவள் இல்லை.